நெல்லிக்குப்பத்து வி-எயிட்டும் கண்ணாயிரத்தின் வயிற்றெரிச்சலும்

கடலூர் ஓ.டி. என்கிற பழைய ஊரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் மோட்டார் ஷெட் வைத்திருந்த கண்ணாயிரத்துக்கு ஒரு வியாதி இருந்தது. எந்த டாக்டரிடமும் காட்ட முடியாத வியாதி. அடுத்தவன் நன்றாக வேலை செய்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, பொய்க் கணக்குக் கிடையாது. சோனாங்குப்பத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, வலை பிடிக்க வேண்டிய கையால் ஸ்பானர் பிடித்து, லாரிக்காரர்கள் வரிசையில் நிற்கும் அளவுக்குப் பேர் வாங்கியவன். ஆனால் மஞ்சக்குப்பத்தில் ஒருத்தன் பிரேக்கை நன்றாகப் பார்க்கிறானாம் என்று காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு முழுக்க முகம் கடுகடுதான்.

வியாதி முற்றியது தட்சிணாமூர்த்தியால்.

இருவரும் ஒரே பஸ் ஷெட்டில் தொழில் கற்றவர்கள். கண்ணாயிரம் மூன்று வயது மூத்தவன். எதையும் ஒரு தடவை சொன்னால் தட்சிணாமூர்த்திக்குப் பிடிபட்டுவிடும். கண்ணாயிரத்துக்கு மூன்று தடவை சொல்ல வேண்டும், ஆனால் அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது. இந்த வித்தியாசத்தை வேறு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாயிரத்துக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக நின்றது. தன் தங்கை பொன்னியை அவனுக்கே கட்டிக்கொடுத்தான். பெண் கொடுத்தவன் என்ற மரியாதையாவது மிஞ்சட்டும் என்று. மரியாதைக்குக் குறைவில்லை. தட்சிணாமூர்த்தி வாய்க்கு வாய் "மச்சான், மச்சான்" என்றான். அதுதான் தாங்க முடியவில்லை. சண்டைக்காவது வந்தால் திட்டித் தீர்க்கலாம். கல்யாணமான மறு வருஷம் அவன் சிதம்பரம் போய்த் தனியாக ஷெட் போட்டான். அப்பாடா என்று இருந்தது.

கண்ணாயிரத்தின் பெருமையெல்லாம் ஒரே ஒரு காரில் இருந்தது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடும் சக்கரபாணியின் அமெரிக்க வி-எயிட் அது. எட்டு சிலிண்டர் எஞ்சின், படகு மாதிரி நீளம். ஒன்பது வருஷமாக அதன் பானெட்டைக் கண்ணாயிரத்தைத் தவிர எவனும் திறந்ததில்லை. "கண்ணாயிரம் கை பட்டாத்தான் அது ஸ்டார்ட்டே ஆவும்" என்று சக்கரபாணி போகிற இடமெல்லாம் சொல்வார். அந்தச் சொல்லில்தான் கண்ணாயிரம் உயிர் வாழ்ந்தான் என்றால் மிகையில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் சித்திரையில் சக்கரபாணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார்.

"பின் சீட்டுல உக்காந்தா தூக்கித் தூக்கிப் போடுதுப்பா. பாண்டிச்சேரியில ஒரு ஜெர்மன் வண்டிய ஒடைச்சி விக்கறான். பின்னாடி ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி எறங்குது. அத அப்படியே கழட்டியாந்து நம்ம வண்டிக்கு வச்சிடேன்."

வி-எயிட்டில் பின் சக்கரம் இரண்டையும் ஒரே இரும்பு ஆக்சில் கோத்திருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதையும் சேர்த்து இழுக்கும், வண்டியின் வால் துள்ளும். ஜெர்மன் வண்டியில் அப்படியில்லை. நடுவில், சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள் அடங்கிய கிரவுன் கூண்டு வண்டியின் சட்டத்தோடு அசையாமல் நிற்கும். இரண்டு பக்கமும் அரை அரை ஆக்சில் தோளிலிருந்து கை போல ஏறி இறங்கும். கண்ணாயிரம் அப்படி ஒன்றை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை அவன் வாயில் என்றைக்குமே வந்ததில்லை.

"அது ஆவற காரியமில்ல மொதலாளி. ஆட்டுக்கு மாட்டுக்கால் வச்சா நடக்குமா?" என்றான்.

சக்கரபாணி இடுப்பைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார். பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. வண்டி சிதம்பரத்தில், தட்சிணாமூர்த்தியின் ஷெட்டில் இருக்கிறது. இந்த வேலை தெரியுமா என்று சக்கரபாணி கேட்டதற்கு அவன், "தெரியாது மொதலாளி, பிரிச்சிப் பாத்தாத் தெரிஞ்சிடும்" என்றானாம்.

அன்றிலிருந்து மூன்று மாதம் கண்ணாயிரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிதம்பரத்திலிருந்து வருகிற ஒவ்வொரு லாரி டிரைவரும் ஒரு சேதி கொண்டுவந்தான். பழைய ஆக்சிலைக் கழற்றிவிட்டானாம். சட்டத்தின் குறுக்கே புதிதாக இரும்புச் சட்டம் வைத்து அதில் கிரவுன் கூண்டைத் தொங்கவிட்டிருக்கிறானாம். நடு ஷாஃப்டை வெட்டி அளவு குறைத்தானாம். வெல்டிங் போட்டால் நகை ஆசாரி வேலை மாதிரி இருக்கிறதாம். கண்ணாயிரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓடட்டும், அப்புறம் பேசு" என்பான். வீட்டுக்குப் போனால் மனைவி லோகநாயகியிடம் எரிந்து விழுவான்.

"கொழம்புல உப்பு ஜாஸ்தி!"

"உப்பு சரியாத்தான் இருக்குது. ஒங்க வயிறுதான் எரியுது" என்றாள் அவள். பதினான்கு வருஷமாகக் குடித்தனம் செய்கிறவளுக்குத் தெரியாதா?

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வண்டியை எடுப்பதாக நாள் குறித்தார்கள். சக்கரபாணியே கடலூருக்கு ஆள் அனுப்பினார். "கண்ணாயிரம் வந்து பாத்து, நல்லாருக்குன்னு சொன்னாத்தான் நான் ஏறுவேன். ஒம்பது வருசம் அவன நம்புனவன் நான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கண்ணாயிரத்துக்கு இறக்கை முளைத்தது. தீர்ப்புச் சொல்கிற வேலை தன்னிடம் அல்லவா வந்திருக்கிறது! வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். பையில் அவனுடைய ஈயக்குண்டை எடுத்து வைத்துக்கொண்டான். வலையில் கட்டுகிற ஈயம்தான்; அதை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது அவன் தொழில் முறை. கடலூரில் வேறு எந்த மெக்கானிக்கும் அப்படிப் பார்ப்பதில்லை.

சிதம்பரத்தில் மேல வீதிக்கு அப்பால் இருந்த ஷெட்டில் நல்ல கூட்டம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், ஜட்கா வண்டிக்காரர்கள், பஸ் டிரைவர்கள். அவன் போனபோதுதான் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிச் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னி ஆரத்தித் தட்டோடு நின்றாள். "வாண்ணே" என்று சிரித்தாள். தட்சிணாமூர்த்தி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"வா மச்சான். நீ பாத்துட்டுச் சொல்லு."

கண்ணாயிரம் வண்டியின் பின்னால் போய் நின்றான். நின்றவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மூன்று மாதமாக எதைக் காணத் தவித்தானோ அது கண் முன்னால் நின்றது. இரண்டு பின் சக்கரமும் கோணல். மேல்பக்கம் வெளியே விரிந்து, கீழ்ப்பக்கம் உள்ளே ஒடுங்கி, வண்டியின் வால் தூக்கிக்கொண்டு நின்றது. ஈயக்குண்டை எடுத்தான். டயரின் உச்சியில் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டான். கீழே குண்டுக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று விரலை அங்கேயே வைத்துக்கொண்டான்.

"இன்னா மாப்ள இது? மூணு மாசமா இதத்தான் செஞ்சியா? இது வண்டியா, கால் வளைஞ்ச கெழவனா? மொதலாளி, நான் அன்னிக்கே சொன்னேன். இது புவனகிரி தாண்டாது. ஏறாதீங்க!"

சக்கரபாணியின் முகம் கறுத்தது. பொன்னி தட்டைத் தாழ்த்தினாள். அண்ணனை அவள் பார்த்த பார்வையைக் கண்ணாயிரம் கவனித்தான். கவனித்தும் சந்தோஷம் குறையவில்லை. உண்மையைச் சொன்னால், இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம் போலத்தான் இருந்தது.

தட்சிணாமூர்த்தி வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தான். நான்கு பழமும் நசுங்கின. வண்டி மெல்ல உருண்டு பதினைந்து அடி போய்த் தெரு முனையில் நின்றது. உருள உருள வால் இறங்கியது. விரிந்திருந்த சக்கரம் இரண்டும் தாமாகவே நிமிர்ந்தன. ஜாக்கியில் தொங்கியதில் ஒடுங்கிய சக்கரம், உருண்டால்தான் தன் இடத்துக்கு வரும். தனித்தனியாக ஏறி இறங்குகிற சக்கரத்தின் குணமே அதுதான். ஒரே ஆக்சில் வண்டியோடு இருபது வருஷம் புரண்டவனுக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு பஸ் டிரைவர், "இப்ப குண்டத் தொங்கவுடுங்க மேஸ்திரி!" என்று குரல் கொடுத்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கண்ணாயிரம் தொங்கவிடவில்லை. தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது.

தட்சிணாமூர்த்தி இறங்கி வந்து கூட்டத்தைக் கையமர்த்தினான். "சிரிக்காதீங்கய்யா. மச்சான் கேட்டது நாயம். ஜாக்கிலேந்து எறக்குனா உருட்டிட்டுத்தான் ஆளுக்குக் காட்டணும். தப்பு எம்மேல." பிறகு சக்கரபாணியிடம் திரும்பி, "மொதலாளி, மாசா மாசம் கிரீஸ் வைக்கணும், நட்டு முடுக்கணும். அதுக்கு மச்சானத் தவுர யாரும் கை வைக்கக் கூடாது. ஓ.டி.யிலேயே வுட்டுடுங்க" என்றான்.

அவன் சிரித்திருந்தால் கண்ணாயிரம் பிழைத்திருப்பான்.

திரும்பும்போது சக்கரபாணி கண்ணாயிரத்தைப் பக்கத்திலேயே உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை அவன் ஒரே ஒரு குலுக்கலுக்காகக் காத்திருந்தான். புவனகிரிப் பாலத்தில் வரும் என்று பார்த்தான். ஆலப்பாக்கத்துக்கு இந்தப்பக்கம் எப்போதும் தலை கூரையில் இடிக்கிற பள்ளம் ஒன்று உண்டு. அங்கே நிச்சயம் என்று கதவைப் பிடித்துக்கொண்டான். கீழே சக்கரம் இறங்கி ஏறியது காலுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. சக்கரபாணி ஒரு கையால் ஓட்டிக்கொண்டு பாட்டு முனகினார்.

அப்புறம் ஒன்றரை வருஷம், மாதம் ஒரு தடவை அவன் அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். கிரீஸ் வைத்தான், நட்டு முடுக்கினான். ஒவ்வொரு தடவையும் வெல்டிங்கில் ஒரு விரிசல், சட்டத்தில் ஒரு வளைவு கிடைக்காதா என்று விரலால் தடவிப் பார்த்தான். கிடைக்கவில்லை. யாராவது யார் வேலை என்று கேட்டால், "சிதம்பரத்துல செஞ்சது" என்பான். பேர் சொல்ல மாட்டான்.

அறுபத்தாறு மாசியில் வண்டி ஷெட்டில் நின்றபோது நெய்வேலியிலிருந்து ஓர் இன்ஜினியர் தன் காருக்கு ஃபேன் பெல்ட் மாற்ற வந்தார். ஜெர்மனியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவராம். வி-எயிட்டின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தவர் அப்படியே வேட்டியை மடித்துக்கொண்டு அடியில் புகுந்துவிட்டார். வெளியே வந்தபோது முகமெல்லாம் ஆச்சரியம்.

"பிரமாதம்! இத யார் செஞ்சது? நீங்களா?"

ஷெட்டில் வேறு யாரும் இல்லை. கண்ணாயிரம் கிரீஸ் துணியை மடித்தான், பிரித்தான்.

"ஆமாங்க. நான்தான்."

சொல்லி முடித்தபோது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இருபது வருஷத்து முள் தொண்டையிலிருந்து இறங்கியது.

"கிரவுன் கூண்ட நடு சென்டர்ல வைக்காம அரை அங்குலம் இடப்பக்கம் தள்ளி வச்சிருக்கீங்களே, அது எதுக்கு? எனக்குப் பிடிபடல. சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்."

அந்த அரை அங்குலத்தைக் கண்ணாயிரம் மாதா மாதம் பார்த்திருக்கிறான். தன் புத்திக்கு எட்டாத ஏதோ பெரிய சூட்சுமம் என்று நினைத்து, அதற்கென்று தனியாகப் பொறாமைப்பட்டும் இருக்கிறான். இப்போது கிரீஸ் துணியை மறுபடியும் மடித்தான், பிரித்தான். இன்ஜினியர் அவன் முகத்தைப் பார்த்தார். "சரி, பரவால்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் கார்ப் பக்கம் போய்விட்டார்.

கண்ணாயிரம் ஷெட்டைப் பூட்டினான். சிதம்பரம் பஸ் ஏறினான். தட்சிணாமூர்த்தி ஒரு லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பொன்னி வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். வா என்று யாரும் சொல்வதற்கு முன்னாலேயே கண்ணாயிரம் கேட்டுவிட்டான். தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனிடம் ஆயுசில் கேட்ட முதல் கேள்வி.

"மாப்ள, வி-எயிட்டுல கூண்ட அரை இஞ்சி இடப்பக்கம் தள்ளி வச்சியே, அது எதுக்கு?"

தட்சிணாமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அதுவா! எதுக்கும் இல்ல மச்சான். தொளை போடும்போது அளவு தப்பிப்போச்சி. சட்டத்த மறுபடி வெட்ட மனசு வரல, கொஞ்சம் கோணலா நின்னாலும் ஷாஃப்ட்டு ஜாயிண்ட்டு தாங்கும்னு அப்படியே வுட்டுட்டேன். அத ஏன் கேக்கற? மொத நாளே நீ பாத்திருப்ப, பெரிய மனுசன், வெளிய சொல்லாம வுட்டுட்டன்னுல்ல நெனைச்சேன்!"

ஒன்றரை வருஷமாகத் தேடிய குற்றம். மாதா மாதம் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது. அதற்குத்தான் அவன் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். இப்போது அதை ஊரெல்லாம் சொல்லலாம், சக்கரபாணியிடம் சொல்லலாம். கண்ணாயிரத்துக்குச் சொல்லத் தோன்றவில்லை. "நான்தான்" என்று காலையில் சொன்ன வாய் கசந்தது.

தட்சிணாமூர்த்தி இன்னும் சிரித்துக்கொண்டே பட்டையை முடுக்கினான். அளவு தப்பிப்போச்சி என்று அவன் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்! அப்படிச் சொல்ல முடிகிறதே என்று இப்போது வந்த பொறாமைக்கு முன்னால், அந்த வெல்டிங்குக்காகப் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது கண்ணாயிரத்துக்கு.