மயக்க மருந்துக்கு மசியாதவன்

மலாயாவில் சிகாமட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தபோது எனக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. சரக்கு வண்டியில் வாழைத்தாரோடு வாழைத்தாராக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். வயிற்றை அறுக்கும் முன் டாக்டருக்கு உதவியாளரான யாழ்ப்பாணத்து டிரெசர் பேனாவும் கையுமாகக் கேட்டார்.

“கள்ளு, சாராயம், கஞ்சா ஏதும் பாவிக்கிறனீரோ?”

எழுதினால் தோட்டத்துத் துரை காதுக்குப் போகும், வேலை போய்விடும். “தேத்தண்ணி மட்டும்தாங்க” என்றேன். தினமும் இரண்டு வேளை கஞ்சா பிடித்த வாய் அது.

மூக்கில் துணி வைத்து மருந்தைச் சொட்டினார்கள். பழகிய மூளை அதைச் சட்டை செய்யவில்லை. கடைசித் தையல்களை ஒவ்வொன்றாக உணர்ந்தேன். கத்தத்தான் நாக்கு எழவில்லை.

பிறகு படுக்கை. மார்பிலிருந்து இடுப்பு வரை துணிக்கட்டு. இருமக் கூடாது, புரளக் கூடாது. சிரிக்கவும் கூடாது என்றார்கள். காற்றுப் பிரியும்வரை கஞ்சியும் இல்லை, தண்ணீரும் இல்லை. உதட்டில் ஈரப் பஞ்சுதான். காலையும் மாலையும் டிரெசர் வாசலிலிருந்தே, “காத்துப் போச்சோ?” என்பார். வார்டில் இருந்த சீனர், மலாய்க்காரர் எல்லாரும் தந்தி வந்துவிட்டதா என்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் பகலில் என் கஞ்சாக் கூட்டாளியான கங்காணி வந்தார். வெற்றிலை மடிப்புக்குள் கருப்பட்டியோடு உருட்டிய கஞ்சா.

“புகைச்சா இருமல் வந்து தையல் தெறிச்சிடும். இதை முழுங்குங்க கிராணியாரே, நோவு தெரியாது.”

“தண்ணியே தர மாட்டேங்கிறாங்க, எப்படி முழுங்குறது?”

“காத்துப் போயிடுச்சுன்னு சொல்லுங்க. குடலைத் திறந்தா பாக்கப் போறாங்க?”

சொன்னேன். கஞ்சி வந்தது, உருண்டையும் உள்ளே போனது. வலி மறைந்த இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது. இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன். மறுநாள் வயிறு மத்தளம். டாக்டர் தட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். திரும்பவும் திறக்க வேண்டும் என்று டிரெசர் தமிழில் சொன்னார்.

வேலை போனால் போகட்டும். அதே அளவு மருந்தில் இன்னொரு தையலா?

“ஐயா, நான் கஞ்சாக்காரன். நேத்தும் அதைத் தின்னேன். காத்தும் போகல.”

டிரெசர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏன் காணும் முந்தியே சொல்லேல்லை? மருந்தைக் கூட விட்டிருப்பம்.”

விஷயம் தெரிந்ததும் டாக்டர், கஞ்சாவில் குடல் மந்தமாகியிருக்கும், ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். கஞ்சியை நிறுத்தி, பின்பக்கம் ரப்பர் குழாய் சொருகச் சொன்னார். ரப்பரில் சம்பளம் வாங்கியவனுக்கு அதை மறுக்க வாயில்லை. மறுநாள் காலை காற்றுப் பிரிந்து வயிற்று உப்பல் வடிந்தது. கத்தியிலிருந்து தப்பினேன்.

டிரெசரிடமிருந்து தப்பவில்லை. என் கட்டிலைத் தன் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். மீதி மூன்று வாரமும் அங்கேதான். கங்காணி வரும்போதெல்லாம் நாங்கள் இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றியே பேசினோம். டிரெசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கவனமாகக் கேட்டார்.