போட்டே வைத்திருந்த சுவிட்சுகள்

சூரியப் புயல் உலகத்து டிரான்ஸ்ஃபார்மர்களையெல்லாம் பொசுக்கிவிட்டுப் போன ஏழாம் ஆண்டில், லைன்மேனாக இருந்த அப்பா ஆற்று நீரில் சுழலும் ஜெனரேட்டர் ஒன்றைக் கட்டி முடித்தார். செத்த மோட்டார்களிலிருந்து பிரித்தெடுத்த செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றியதுதான் அதன் காயில். மாற்றுக் காயில் கிடையாது.

மெயின் சுவிட்சைப் போட்டதும் தெரு பளிச்சென்றது. கூச்சல் எழுவதற்குள் அணைந்தது. கருகல் வாசனை வந்தது.

"போச்சா அத்தான்?" என்றார் அப்பாவோடு வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி.

அப்பா காயிலைத் தொட்டுப் பார்த்தார். "உசிர் இருக்குடா. இதே மாதிரி இன்னும் ரெண்டு தடவை இழுத்தா சாம்பல்தான்."

வீட்டுக்கு ஒரு பல்பு என்றுதான் அவர் கணக்கு. ஆனால் கரண்ட் போன நாளிலிருந்தே எல்லோரும் எல்லா சுவிட்சையும் போட்டே வைத்திருந்தார்கள். ஃபேன், ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, எல்லாம். வந்தால் தெரியட்டுமே என்று.

அப்பா வீடு வீடாக ஏறி இறங்கினார். தையல்காரர் மட்டும் மல்லுக்கு நின்றார்.

"எல்லாத்தையும் அணைச்சுட்டா வந்தது எப்படிண்ணே தெரியும்?"

"ஒரு லைட்டை விட்டுவை. இஸ்திரிப் பெட்டிப் பக்கம் போனா கையை ஒடிச்சிருவேன்."

"கரண்ட்டைவிட நீங்கதான் பலமா ஷாக் அடிக்கிறீங்க!"

இரண்டாம் முறை. பல்புகள் எரிந்தன, ஆனால் மங்கலாக. ஜெனரேட்டர் முனகியது. எங்கோ ஒரு பெரிய சாமான் கரண்ட்டை இழுத்துக்கொண்டிருந்தது. மாமா சட்டென்று மெயினை அணைத்தார்.

"எந்த வீட்டை விட்டீங்க?"

அப்பா விரல் விட்டு எண்ணினார். முகம் மாறியது. போகாத வீடு ஒன்றே ஒன்று. சொந்த வீடு.

குளியலறையில் ஹீட்டர் சுவிட்ச் போட்டபடி இருந்தது.

"ஊருக்கெல்லாம் புத்தி சொன்னீங்களே, இங்க எட்டிப் பார்த்தீங்களா?" என்றாள் அம்மா.

"நீயாவது அணைச்சிருக்கலாம்ல?"

"எப்படி அணைப்பேன்? கரண்ட் வந்த அன்னிக்கு நீங்க வெந்நீர்ல குளிக்கணும்னு போட்டு வெச்சது. ஆத்துத் தண்ணியிலயே கிடந்துட்டு ராத்திரியெல்லாம் முதுகு வலின்னு புலம்புறது யாராம்?"

அம்மாவே அணைத்தாள்.

மூன்றாம் முறை விளக்குகள் நின்று எரிந்தன. வீட்டுக்கு ஒன்று. ஜெனரேட்டர் முனகவில்லை. தெரு கத்திய கத்தலில் தையல்காரரின் தொண்டை கட்டிப்போனது.

அன்றும் வெந்நீர் விறகடுப்பில்தான் காய்ந்தது. அப்பா பல்பு வெளிச்சத்தில் குளித்தார். பாட்டு வேறு.

பிறகு பெரிய ஜெனரேட்டர் வந்தது, ஹீட்டரும் ஓடியது. ஆனாலும் தன் கடைசி நாள்வரை அப்பா, வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்த சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

இப்போது அம்மா தடவிப் பார்க்கிறாள்.