எண் போடாத ஒரு கேள்வி

விமானக் கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோது என் கையில் ஆறு வாரம் இருந்தது. போதுமா என்று கேட்டிருந்தால், ஆறு வருடம் கொடுத்தாலும் போதாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் கேழ்வரகும் கொள்ளும் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. நான் அரசாங்க உதவித்தொகையில் பெங்களூரில் விமானம் ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல் அப்பாவோடு வயலில் இறங்கியிருந்தேன். பயணிகள் விமானத்தில் விமானியாகச் சேர இந்த ஒரு வாசல்தான் திறந்திருந்தது. இதுவும் மூடினால் மிச்ச ஆயுளும் கேழ்வரகோடுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே வெறி பிடித்ததுபோல் தயார் செய்தேன். ஒரு நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி, எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி மனப்பாடம் செய்தேன். கேட்பதற்கு ஆள் வேண்டுமே. என் மனைவி தெலுங்கில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், ஆங்கிலம் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும். அடுப்படியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு "பதினேழு" என்பாள். நான் பதினேழாவது பதிலை ஒப்பிப்பேன். எங்கே நிறுத்துகிறேன், எங்கே ஓடுகிறேன் என்பது அவளுக்குக் காதிலேயே பதிந்துவிட்டது. "நடுவுல ஒரு தும்பு வுட்டுட்டீங்க, மறுபடி சொல்லுங்க" என்பாள். நோட்டைப் பார்த்தால் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். எனக்கு ஆத்திரமும் வரும், பெருமையும் வரும்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருந்தது. என் பறப்புப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு: மத்திகிரி மேய்ச்சல் நிலத்தில் இறங்கியது. காரணம் எழுதவில்லை. பயிற்சி ஆசிரியரிடம் மட்டும், மேகம் தாழ்ந்து வந்துவிட்டது என்று வாயால் சொல்லியிருந்தேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை.

நடந்தது இதுதான். பெங்களூரிலிருந்து சேலம் போய்த் திரும்ப வேண்டிய தனிப் பயணம். திரும்பும்போது ஊருக்கு மேலே வருகிறேன், நம் வைக்கோல் போரின்மேல் உன் கூறைப்புடவையை விரித்துப் போடு, அடையாளம் கண்டு கையசைக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் பக்கத்து வீட்டில் ஒரே ஒருத்தியிடம் சொன்னாளாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்குமே கூறைப்புடவை அரக்குச் சிவப்புதான் என்பது தாலி கட்டிய எனக்கு உறைக்கவே இல்லை. மேலிருந்து பார்த்தால் ஊரில் இருக்கிற போர் அத்தனையும் சிவப்பு. எங்கள் போர் எது என்று தெரியாமல் நான் வட்டம் போட்டேன், தாழ இறங்கிப் பார்த்தேன், மறுபடி வட்டம் போட்டேன். கீழே பெண்கள் எல்லோரும் கையசைத்தார்கள். எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மேல் இறக்கையில் பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் மிதவை அடியில் கிடந்தது. மத்திகிரி கால்நடைப் பண்ணையின் புல்வெளி கண்ணில் பட்டது. மாடு மேய்ப்பவர்கள் மாடுகளை விரட்டி ஒதுக்க, இறங்கினேன்.

தேர்வில் இதைப்பற்றிக் கேட்டால் சொல்ல, தாழ்ந்த மேகம் என்று ஆங்கிலத்தில் ஏழு வரி அழகாக எழுதியிருந்தேன். நூற்றுப் பதின்மூன்று என்று போட்டுக்கொள் என்றேன்.

"இதுக்கு நான் நம்பர் போட மாட்டேங்க" என்றாள் மனைவி.

"ஏன்?"

"நடக்காததுக்கு எப்படிங்க நம்பர் போடறது? அன்னிக்கி வெயில்ல புடவை வெளுத்தே போச்சு."

வாதாடிப் பார்த்தேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டுக் களி கிண்டப் போனாள். அந்த ஏழு வரியை நானே வரப்பில் நடந்தபடி தனியாக மனப்பாடம் செய்தேன்.

தேர்வு பெங்களூரில். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மீசை நரைத்த மூத்த விமானி. ஒரு எஞ்சின் நின்றால் என்ன செய்வாய் என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். அது என் பதினேழு. கடகடவென்று சொன்னேன். சொல்லி முடித்த வேகத்தில் பதினெட்டும் தானாக வெளியே வந்துவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை. பத்தொன்பதின் முதல் வரியில்தான் என் வாயை நானே பிடித்து நிறுத்தினேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூத்தவர் என் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது.

"மத்திகிரியில் இறங்கியிருக்கிறாய். ஏன்?"

"சேலத்திலிருந்து திரும்பும்போது மேகம் தாழ்ந்து..." என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்டது. அது அச்சு அசலாகப் பதினேழின் ராகம். இரண்டாவது வரியோடு நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால், மனைவிக்குக் கையசைக்கப் பெட்ரோலைத் தீர்த்தவனுக்கு எந்தக் கம்பெனி விமானம் கொடுக்கும்? ஆனாலும் அந்த ராகத்தில் மூன்றாவது வரியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிக்கணும் சார். மேகம் இல்லை" என்று சொல்லி, புடவை முதல் மிதவை வரை எல்லாவற்றையும் கொட்டினேன். இலக்கணம் எங்கெங்கோ போனது. ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

"அங்கிருந்து பெங்களூர் எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிடம் சார்."

"வந்து சேர்ந்திருப்பாயா?"

"சேர்ந்திருக்கலாம். சேராமலும் போயிருக்கலாம். கீழே நல்ல நிலம் தெரிந்தது, இறங்கிவிட்டேன்."

"மேகத்துக் கதை வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து எத்தனை நாள் தயார் செய்தாய்?"

"ஆறு வாரம் சார்."

"இதற்கு?"

"இதற்கு ஒன்றும் செய்யவில்லை."

அவர் பதிவேட்டை என் பக்கம் தள்ளி, அந்த வரிக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். பயணிகளை வைத்துக்கொண்டு ஒரு தடவை வட்டம் போட்டாலும் உன் உரிமத்தை நானே கிழித்துவிடுவேன் என்றார். பயணிகள் என்ற சொல் என் காதில் விழுந்ததும், சரியாகத்தான் கேட்டேனா என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் ஒரு சீட்டு எழுதி நீட்டினார். அதில் ஒரு டாக்டரின் முகவரி இருந்தது.

"நாளைக் காலை உடல் பரிசோதனை. அதற்கும் மனப்பாடம் செய்துவிடாதே. வெறும் வயிற்றோடு போ, அது போதும்."

நான் அன்று மத்தியானத்திலிருந்தே சாப்பிடாமல் அதற்கும் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.