நாரை மரத்தடியில் கரி பஸ்

திண்டிவனத்தில் நான் ஏறிய பஸ், விழுப்புரம் போகும் வழியில் ஒரு புளியமரத்துக்குச் சற்று முன்னால் நிற்கிறது. பெட்ரோலெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால், பஸ்கள் இப்போது கரிப்புகையில் ஓடுகின்றன. மேடு வந்தால் இறங்கித் தள்ளுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இங்கே மேடே இல்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க" என்கிறார்.

மரமெங்கும் நாரைக் கூடுகள். அடியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்து விற்கும் அம்மாளிடம் காரணம் கேட்கிறேன்.

"வண்டி பொகைக்கொழாயில டமார்னு வெடிச்சா பெருசுங்க பறந்துடும், குஞ்சுங்க மெரண்டு கீழ வுழுந்துடும். அதான் டிரைவருங்ககிட்ட ஊர்ல சொல்லி வெச்சிருக்கோம். சத்தம் போடாம தள்ளிக்கினு போங்க."

என் பக்கத்தில் தள்ளுகிறவர் கரி வியாபாரி. அவருடைய மூட்டைகள் பஸ்ஸின் கூரைமேல் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்து, "இந்த மரத்துல எத்தினி மூட்டை கரி தேறும்?" என்கிறார். அம்மாள் வாயைத் திறப்பதற்குள் அவர் தோளில் வெள்ளையாக ஒன்று விழுகிறது.

"அதுங்களே பதில் சொல்லிடுச்சுங்க" என்கிறாள் அம்மாள். சத்தம் கூடாதே என்று எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறோம்.

மரத்தைத் தாண்டி வெகுதூரம் தள்ளிய பிறகு டிரைவர் எஞ்சினைக் கிளப்புகிறார். அப்படியும் அது டமாரென்று வெடிக்கிறது. எல்லாருக்கும் முன்னால் திரும்பிப் பார்க்கிறவர் கரி வியாபாரி. கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு மரத்தையே பார்க்கிறார்.

"ஒண்ணும் வுழல" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் தோளைத் துடைக்கிறார்.