ஷரிபுதீன் தோண்டிய குழி

மருதமுனை நெசவாளி ஷரிபுதீன் யாருடைய மனமும் நோகப் பேசியறியாதவர். அப்படிப்பட்ட மனிதரின் கையை ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கடித்துவிட்டாள் என்றால் நம்புவீர்களா?

ஐம்பத்து நான்காம் ஆண்டு அவர் கைம்பெண் ஜுனைதாவை நிக்காஹ் செய்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிபோக வேண்டும். போன மனிதர் சும்மா இருந்தாரா? தான் உழைப்பாளி என்று காட்டும் அவசரத்தில், மறுநாள் விடியச் சுபஹு தொழுத கையோடு, ஜுனைதாவின் மௌத்தான புருஷன் நெய்த குழித்தறியின் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டார். ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குத்தான் ஜுனைதாவின் மகள் சுபைறா அவர் கையைக் கடித்தாள்.

அடுத்த கிழமை இன்னும் மோசம். தறியில் பூட்டியிருந்த பாவு நூல் முழுவதையும் பாக்குவெட்டியால் நறுக்கிப் போட்டாள். செய்தி கேட்டு அவளுடைய பெரியவாப்பா, இறந்துபோன தகப்பனின் அண்ணன் அபுல் ஹஸன் நிந்தவூரிலிருந்து பாய்ந்து வந்தார்.

"அடியாத மாடு படியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வண்டில் கொண்டு வாறன். இவள் எங்கட வீட்ட வளரட்டும்."

ஜுனைதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது.

ஷரிபுதீனுக்குக் கோபம் வரவில்லையா என்றால், வந்தது, அவரும் மனிதர்தானே! ஆனால் பத்து வயதிலிருந்து ஊரார் தறிகளில் கூலிக்கு நெய்தவர் அவர். 'எழும்பு, இது உன்ட இடமில்ல' என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்ட காது அவருடையது. கட்டிலருகே தரையில் குந்தினார்.

"மகள், அது வாப்பாட தறி. கேளாம இருந்தது என்ட பிழைதான். உனக்குக் கோவம் வராம என்ன செய்யும்? இனி அதில இருக்கமாட்டன். வெளி முத்தத்தில வேற குழி தோண்டுறன்."

ஊர் சிரித்தது. "உள்ளுக்க தறி சும்மா கிடக்க இந்தாளுக்கு மண்டை பிழையோ?" கடற்கரை மணல் வேறு, தோண்டத் தோண்டச் சரிந்தது. தென்னங்குற்றியை முட்டுக்கொடுத்துத் தோண்டினார். முதல் நாள் சுபைறா கதவிடுக்கால் பார்த்தாள். இரண்டாம் நாள் தண்ணீர்ச் செம்பை எட்டவே வைத்துவிட்டு ஓடினாள். மூன்றாம் நாள் குழியோரத்தில் வந்து குந்தி, "எங்கட வாப்பா நெய்யக்குள்ள பைத் பாட்டுப் படிப்பார்" என்றாள்.

"ஓம் மகள். பிறகு?"

கதைத்தாள், கதைத்தாள், கடைசியில் ஏங்கி ஏங்கி அழுதாள். அவர் 'அழாதே' என்று சொல்லவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி வண்டில் வந்து நின்றது. அபுல் ஹஸன் உள்ளே நுழைய, சுபைறா மண்வெட்டியைத் தூக்க மாட்டாமல் தூக்கிக் குழிக்குள் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா தம்பி! இதுக்கு என்ன சொல்லப்போறாய்?"

ஷரிபுதீன் குரலை உயர்த்தவில்லை. கிட்டப் போய்க் கேட்டார்: "என்ன மகள், இன்னும் கோவமா?"

"இல்ல சாச்சா. வெயிலுக்க இருந்து ஏன் நெய்யுறீங்க? வாப்பாட தறியில இருங்க. அறுத்த நூலை நான் முடிச்சித் தாறன்."

அபுல் ஹஸன் ஜுனைதா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெறும் வண்டிலைத் திருப்பினார். ஷரிபுதீன் பிள்ளையின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி மீதி மணலைத் தானே தள்ளினார். தன் மூன்று நாள் உழைப்பை மண்போட்டு மூடிவிட்டு அத்தனை சந்தோஷமாகச் சிரித்த மனிதரை மருதமுனை அதற்கு முன் கண்டதில்லை.