இரண்டு முளைக்குச்சிகளுக்கு நடுவே

கருங்கல்லைத் துளைக்கும்போது கிளம்பும் புழுதிக்குச் சூடான ஒரு வாசனை உண்டு. பட்டாசு வெடித்த இடத்தில் நிற்பதுபோல மூக்கை அரிக்கும். குளத்தூர்ப் பக்கத்தில் எங்கள் கடலைக் கொல்லைக்கு ஆழ்துளைக் கிணறு போடும் "போர் வண்டி" வந்த அன்று, அந்தப் புழுதி இமையிலும் சடையிலும் மாவாக அப்பிக்கொள்ள, தண்ணீர் வரவேண்டும் என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். வராவிட்டால் அப்பா துபாய்க்குப் போய்விடுவார். விசா வந்து பீரோவுக்குள் இருந்தது.

எங்கே துளை போடுவது என்பதில் வீடே இரண்டாகியிருந்தது. அம்மா "நீரோட்டம்" பார்ப்பவரை அழைத்து வந்தாள். அவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு கொல்லை முழுக்க நடந்தார். வேலியோரம் வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே ஒரு முளைக்குச்சி அடித்தார்கள். பாலிடெக்னிக் படித்த என் தாய்மாமாவுக்கு இது தாங்கவில்லை. டவுனிலிருந்து மெஷின்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் கம்பிகளை நட்டு, ஒயர் இழுத்து, மண்ணுக்குள் கரண்ட் பாய்ச்சி, பெட்டியில் முள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, கொல்லையின் மறுகோடியில் இன்னொரு குச்சியை அடித்தார்.

"மச்சான், இது சயின்ஸு. தேங்கா சட்னிக்குத்தான் ஆகும்" என்றார் மாமா.

"மிஷின் வச்சுப் பாத்தவங்க போர்லயும் வெறும் புழுதி வந்திருக்குல்ல" என்றாள் அம்மா.

அப்பா ஒரு கயிற்றை எடுத்தார். இரண்டு குச்சிகளுக்கும் இடையே பிடித்து, சரிபாதியாக மடித்து, நடுவில் காலால் ஒரு கோடு கிழித்தார். "ரெண்டு பேரு மனசும் நோக வேணாம். இங்கிட்டுப் போடுங்க" என்றார். வரப்புத் தகராறை எங்கள் ஊரில் இப்படித்தான் நடுவில் வெட்டித் தீர்ப்பார்கள். பாறைக்கும் பஞ்சாயத்து வைக்கிறாரே என்று வந்தவர்கள் சிரித்தார்கள்.

வெகுநேரம் புழுதிதான். பிறகு ஈரம், சேறு, கடைசியில் பனை உயரத்துக்குத் தண்ணீர். தான் சொன்ன ஓட்டம்தான் இது என்றார் தேங்காய்க்காரர். முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்றார் மெஷின்காரர். இருவருமே ஜெயித்துவிட்டார்கள். அப்பா போகவில்லை, விசா காலாவதியானது.

நான் வளர்ந்து அறிவியல் ஆசிரியை ஆனேன். எதையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும், தோற்றால் விட்டுவிட வேண்டும், ஏறும் பஸ் முதல் விழுங்கும் மாத்திரை வரை எல்லாமே அந்தப் பழக்கத்தால் வந்தவைதான் என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன். சொல்லும்போதே எங்கள் கொல்லை குறுக்கே வந்து நிற்கும். அன்றைக்கு எது சோதிக்கப்பட்டது, தேங்காயா மெஷினா? பாறை வெடிப்பில் தண்ணீர் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சரிபாதியில் எப்படி என்று தலை சுற்றும். அப்பாவிடம் ஏதோ கணக்கு இருந்திருக்கிறது என்றே நம்பத் தொடங்கியிருந்தேன்.

இப்போது அந்தப் போரில் தண்ணீர் இல்லை. வாயைக் கல் வைத்து மூடியாயிற்று. கடலை போய்த் தைலமரம் நிற்கிறது. தேங்காய்க்காரரும் இல்லை. போன மாதம் அப்பாவிடம் கேட்டேவிட்டேன்.

"என்ன தைரியத்துலப்பா நடுவுல போடச் சொன்னீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேருமே காட்டாத எடம் ஆத்தா அது. அங்கிட்டுப் போட்டா தண்ணி வராதுன்னுதான் போட்டேன். துபாயில என்னென்னமோ கட்டுறாங்கன்னாங்க. போய்ப் பாத்துரணும்னு அம்புட்டு ஆச."

சந்தோஷப்பட்டதெல்லாம் தப்போ என்றுகூடத் தோன்றியது. "அப்புறம் ஏம்ப்பா போகல?"

"தண்ணி வந்துருச்சு. நீ அந்தச் சேத்துல குதிச்சுக்கிட்டு நிக்கிற. நான் என்னத்தச் சொல்ல."