மூப்பர் வீட்டு மோர்

திருவண்ணாமலையில் பௌர்ணமி. மத்தியான வெயிலில் கிரிவலம் நடந்து கால் எரிகிறது. தண்ணீர் விற்கிறவன் எல்லாம் கொள்ளைக்காரன். கதவில் சிலுவை மாட்டிய ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா எங்களுக்குச் சும்மாவே மோர் ஊற்றுகிறார். சர்ச்சில் மூப்பராக இருக்கும் அவர் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"மலை சுத்துறவங்களுக்கு ஊத்துனா சபையில என் பதவி போயிடும். பைபிள்ல விக்கிரகத்த விட்டு வந்தவரு ஆபிரகாம். அதான் விசுவாசம்."

"அவருதாங்க வெயில்ல வந்த மூணு பேருக்கு ஓடி ஓடி சாப்பாடு போட்டாரு. எந்தச் சாமின்னு கேட்டாரா?"

"அந்த மூணு பேரா வந்தது கர்த்தர்டி."

"அது அவருக்கு முன்னாடியே தெரியுமா?"

அந்த ஆளை நாலு வார்த்தை கேட்க நான் வாயைத் திறக்கிறேன். அதற்குள் அவர் ஒரு டம்ளர் மோரை வாங்கிக் குடிக்கிறார்.

"உப்பு கம்மிடி" என்று முறைத்துவிட்டு, உப்பு எடுக்க உள்ளே போகிறார்.